கொழிஞ்சாம்பாறையில் ஆய்வேடு திருத்தித் தரும் கடை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் உள்ள இந்தத் தட்டச்சுக் கடை, சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, பைண்டிங் செய்தும் தருகிறது. என் தங்கை மகளின் முதுகலை ஆய்வேட்டை அங்கேதான் கொடுத்தோம்.

ஒற்றுப் பிழைகளைப் பிடிப்பதில் கடைக்காரர் கெட்டிக்காரர். இரண்டாம் வேற்றுமை உருபை அடுத்து வல்லினம் மிகும் என்பதால் 'கதையை படித்து' என்பதைக் 'கதையைப் படித்து' என்று மாற்றியவர், பெயரெச்சத்தின் பின் மிகாது என்பதையும் மறவாமல், 'எழுதியக் கட்டுரை'யில் நுழைந்திருந்த ககர ஒற்றைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். 'ஒவ்வொரு பாத்திரங்களும்' என்பது 'ஒவ்வொரு பாத்திரமும்' ஆயிற்று. 'இது காரணம் அல்ல' என்பது 'காரணம் அன்று' ஆயிற்று. ஒருமைக்கு 'அன்று', பன்மைக்கு 'அல்ல' என்ற இந்த வேறுபாட்டை இதழ்களே இப்போது கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

நடையில்தான் குறை. 'ஆய்வாளரால் ஆராயப்பட்டு முடிவு காணப்பட்டுள்ளது' போன்ற செயப்பாட்டுவினைத் தொடர்களும், அரைப்பக்கம் நீண்டு எழுவாயைத் தொலைத்துவிட்ட ஒரு வாக்கியமும் அப்படியே விடப்பட்டிருந்தன. கேட்டதற்கு, "கருத்துல நாங்க கை வைக்கறதில்லைங்க" என்றார். எழுவாயும் பயனிலையும் பொருந்தாமல் நிற்பதைக் கருத்து என்று எப்படிக் கொள்வது?

பக்கக் கணக்கில் வாங்கும் கூலி நியாயமானது. ஆய்வேடு ஒப்படைக்கும் காலத்தில் கூட்டம் மிகுதியாதலால் முன்கூட்டியே கொடுப்பது நல்லது. மெய்ப்புப் படியை வாங்கிப் பாராமல் பைண்டிங்குக்கு விடவேண்டாம்.