முழு ரத்தமா பிளேட்லெட்டா, மறுபடி எப்ப குடுக்கலாம்?

போன வாரம் தருமபுரி நாலு ரோட்டுகிட்ட டீ குடிக்கறப்ப மாமா பையன் கேட்டான், "ண்ணா, ரத்தம் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, திரும்ப குடுக்கலாமா?" முழு ரத்தம்னா முடியாதுடா, ஆம்பளைக்கு 90 நாள், பொம்பளைக்கு 120 நாள் கேப் வேணும். 350 இல்லன்னா 450 மில்லி எடுக்கறாங்க, அதுல தண்ணி பங்கு ரெண்டு நாள்ல ஊறிடும், ஆனா சிவப்பணு முழுசா வர்றதுக்கு வாரக்கணக்காகும், கூடவே போன இரும்புச்சத்து இருக்கே அது இன்னும் லேட்டு, நம்ம ஊர் களியும் முருங்கைக்கீரையும் தின்னாலும் ஒரே வாரத்துல ஏறாது. ஹீமோகுளோபின் 12.5க்கு கீழ இருந்தா எப்படியும் திருப்பி அனுப்பிடுவாங்க.

பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவற தட்டணு, அது வேற கதை. மெஷின்ல தட்டணுவ மட்டும் பிரிச்சுகிட்டு சிவப்பணுவ நமக்கே திருப்பி ஏத்திடறாங்க, அதனால 48 மணி நேரம் போதும், வாரத்துக்கு ரெண்டு தடவை, வருஷத்துக்கு 24 தான் லிமிட். ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல கைய நீட்டிகிட்டு படுக்கணும், உதடு லேசா மரத்த மாதிரி இருக்கும், மூணு நாளைக்குள்ள ஆஸ்பிரின் போட்டிருக்கவும் கூடாது. முழு ரத்தம் குடுத்துட்டு இதுக்கு மாறணும்னா 28 நாள் கழியணும்.

அவனுக்கு நான் சொன்னது, இன்னும் ஒரு மாசம் பொறுத்து முழு ரத்தமே குடு. டெங்கு சீசன்ல, கேன்சர் பேஷண்டுக்குன்னு யாராச்சும் கூப்பிட்டா பிளேட்லெட்டுக்கு போ, அத அஞ்சு நாளைக்கு மேல வெக்க முடியாதுல்ல.