தேவ்பாகா, கோகர்ணமா, கோடியக்கரையா?

பெங்களூரிலிருந்து கடல் பார்க்கக் கிளம்பினால் எந்தத் திசையில் போனாலும் இரண்டு ராத்திரியைப் பயணத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வெள்ளி ராத்திரி போக, ஞாயிறு ராத்திரி திரும்ப. மிஞ்சுவது இரண்டு பகலும் ஒரே ஒரு ராத்திரியும்தான். அந்த ஒரு ராத்திரியை எங்கே கழிப்பது என்று எங்கள் ஆறு பேருக்குள் வருஷா வருஷம் அல்சூர் டிபன் கடை ஒன்றில் சண்டை நடக்கும். சென்னைக்கு ஆறு மணி நேரத்தில் போய்விடலாமே என்று ஒருவன் ஆரம்பிப்பான். போகலாம், ஆனால் ஈ.சி.ஆரில் காடு ஏது? எங்களுக்கு வேண்டியது கடலும் காடும் ஒட்டி நிற்கும் ஓர் இடம், அதில் ஒரு குடில்.

அப்படிப் பார்த்தால் களத்தில் மூன்று பெயர்கள்தான் நிற்கின்றன. கர்நாடகக் கடற்கரையில் கார்வார் பக்கத்து தேவ்பாக், அதே கரையில் கோகர்ணம், நம் ஊர்க் கோடியக்கரை. மூன்றிலும் தங்கிவிட்டோம், கோடியக்கரையில் மட்டும் இரண்டாவது முயற்சியில்.

முதலில் பயணக் கணக்கு. மேற்குக் கடற்கரைக்கு ரயில் ஒரு வரம். பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ் மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு பெங்களூரில் கிளம்பும். விடிந்தபின் கோகர்ணா ரோடு வரும், அப்புறம் கார்வார். ஞாயிறு மாலை ஆறு மணிவாக்கில் கார்வாரில் ஏறினால் திங்கள் காலை ஏழு மணிவாக்கில் வீடு. ஒரே தொல்லை, வெள்ளிக்கிழமை டிராஃபிக்கைத் தாண்டி அந்த ரயிலைப் பிடிக்க அலுவலகத்தில் நாலு மணிக்கே ‘தலைவலி’ வந்தாக வேண்டும். கோடியக்கரைக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. வேளாங்கண்ணி பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அங்கிருந்து வேதாரண்யம், அப்புறம் இன்னும் பதினோரு கிலோமீட்டர். போய்ச் சேரும்போது முற்பகல் ஆகிவிடும், ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்ப வேண்டும். கார்வாரோடு ஒப்பிட்டால் ஐந்து மணி நேரமாவது நஷ்டம்.

கோகர்ணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஊர். துளுவ நாட்டில் இருக்கும் தேவாரத் தலம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம், பொய்யும் இல்லை. குட்லே, ஓம் என்று கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன. ஓம் பீச்சிலிருந்து குன்றேறி நடந்தால் ஹாஃப் மூன், அதற்கும் அப்பால் பாரடைஸ். அந்த நடைதான் கோகர்ணத்தின் சொத்து. ஒரு பக்கம் மரங்கள், இன்னொரு பக்கம் நேர் கீழே கடல், காலடியில் செம்பாறை. வெளிச்சம் இருக்கும்போதே நடந்து திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் படகுக்காரர் கேட்கிற காசுதான். மூன்றில் செலவு குறைவும் இங்கேதான். ஆனால் ராத்திரி? நாங்கள் எடுத்த குடிலில் சுவர் என்பது பேருக்குத்தான், இருந்தது வெறும் பாய்த் தட்டி. பக்கத்துக் குடில்காரர் தன் ஸ்டார்ட்அப் கதையை ராத்திரி இரண்டு மணி வரை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பெங்களூரின் ஸ்டார்ட்அப் பேட்டையான எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து தப்பித்து வந்து எச்.எஸ்.ஆர். லேஅவுட்டுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தோம். நீண்ட வார இறுதி என்றால் இந்த ஊர் வேண்டவே வேண்டாம்.

தேவ்பாக் வேறு மாதிரி. காளி ஆறு கடலில் சேரும் இடத்தில் நீளும் மணல்திட்டு அது, மேலே சவுக்குத் தோப்பு. பாலத்துக்குப் பக்கத்தில் படகேறி முகத்துவாரத்தைக் கடந்தோம். பழைய பாலம் 2024 ஆகஸ்டில் இடிந்து ஆற்றில் விழுந்ததே, அதே காளிதான். எங்களுக்குக் கிடைத்தது மரக்கால்கள் மேல் நின்ற மரக்குடில். படியேறிப் போக வேண்டும், நடந்தால் பலகை முனகும். காலையில் எழுந்து படியில் உட்கார்ந்தபோது, கீழே மணல் முழுக்க மிளகு அளவு உருண்டைகள் கோலப்புள்ளி போலப் பரவிக் கிடந்தன. சின்ன நண்டுகள் மணலைத் தின்று சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டி வைத்துவிட்டுப் போகின்றன. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை வந்து எல்லாவற்றையும் அழித்தது, இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தன.

சாப்பாட்டில் கார்வாரை அடிக்க ஆளில்லை. ரவை தடவி வறுத்த கிழங்கான், அயிலைக் குழம்பு, கடைசியில் தேங்காய்ப்பாலும் கோக்கம் என்ற புளிப்புப் பழமும் சேர்ந்த சோல்கடி. மோர் இல்லாமல் சாப்பிட்டு எழுந்த பழக்கமே இல்லாத ஒருவன் மூன்று டம்ளர் சோல்கடி குடித்தான். குறை என்று சொன்னால் காசு. தேவ்பாகில் ஒருவருக்கு ஆன செலவில் கோகர்ணத்தில் மூன்று பேர் படுத்திருக்கலாம். அப்புறம், சவுக்குச் சருகு பெட்ரோல் மாதிரி பற்றும், ஆகவே இஷ்டத்துக்குத் தீ மூட்ட விடமாட்டார்கள். ‘கேம்ப் ஃபயர் இல்லாத கேம்ப்பா?’ என்று முகம் சுளிப்பவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது கோடியக்கரை. முதல் தடவை சனிக்கிழமை முற்பகலில் வாசலில் போய் நின்றோம். கையில் அனுமதி இல்லை. வனத்துறை விடுதியில் தங்க நாகப்பட்டினத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என்று அங்கே போய்த்தான் புரிந்தது. தப்பு எங்களுடையதுதான். வேதாரண்யத்தில் ஒரு லாட்ஜில், டியூப்லைட் வெளிச்சத்தில், கொசுவோடு ‘காட்டு வாசம்’ முடிந்தது. எங்கள் மன்னார்குடிக்காரன் ஒரு வாரம் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

மறு வருஷம் ஜனவரியில் முறையாகப் போனோம். சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது, 2002-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. மேற்குக் கரையைப் பார்த்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குன்று கிடையாது. இங்கே உயரமான இடம் என்றால் ராமர் பாதம், அதுவும் கடல்மட்டத்துக்கு மேல் நாலே மீட்டர்! குளிக்கிற கடலும் இல்லை. ஆனால் பொறுமையாக உட்கார்ந்தால் புல்வெளியில் வெளிமான்கள் வரும். முறுக்குக் கொம்போடு கருத்த கலைமான் ஒன்று நாங்கள் நிற்பதைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தது. கொஞ்சம் தள்ளி, யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள். அந்தக் குதிரைகளும் சீமைக் கருவேலமும்தான் மானின் புல்லுக்குப் போட்டி. உப்பளப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் தூரத்தில் வெறும் கோடாகத்தான் தெரிந்தன, பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

ராத்திரிதான் இந்த ஊரின் பெரிய பலம். எட்டு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. காற்று ஜன்னல் கொக்கியை விடாமல் தட்டியது. ஒன்பது மணிவாக்கில் உலக்கைப்பாலை மரங்களுக்கு அப்பாலிருந்து நரி ஒன்று ஊளையிட, இன்னொரு பக்கத்திலிருந்து நாலைந்து பதில் வந்தன. கதைகளில் எத்தனையோ முறை கேட்ட நரி ஊளையை நிஜமாகக் கேட்டது ஆறு பேருக்கும் அதுதான் முதல் தடவை. சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டோம். இந்தக் கரையில் துணை யாருமில்லாமல் தனியே இருக்கிறாயே என்று சுந்தரர் இந்த ஊர்ச் சிவனான கோடிக்குழகரைப் பார்த்து இரங்கிப் பாடினார். எதற்கு இரங்கினார் என்று அப்போது தெரிந்தது.

சாப்பாடு நம் பொறுப்பு. வேதாரண்யத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள், அப்போது கரையிலேயே மீன் கிடைக்கும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மேற்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, கடல் கிட்டே சேர்க்காது. கோடியக்கரையில் அதற்கு நேர்மாறு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை, புயல் பயமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையேறியது. ஆக டிசம்பர் என்றால் மேற்கு, ஜனவரி பிப்ரவரி என்றால் கிழக்கு.

என்னைக் கேட்டால், மூன்றில் காடு என்று சொல்லத் தகுந்தது கோடியக்கரை ஒன்றுதான். ஆனால் அது நாலு பேருக்கான இடம், அதுவும் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த நாலு பேருக்கு. குழந்தைகளோடு, புதிதாகக் கல்யாணமானவர்களோடு, ‘அங்கே என்னடா இருக்கு?’ என்று கேட்கிற ஆளோடு போவதானால் தேவ்பாக். காசு இடித்தால் கோகர்ணம், அதுவும் சாதாரண வார இறுதியில்.

இந்தத் தடவை கூட்டத்தில் இரண்டு வாண்டுகள் உண்டு, அதனால் டிசம்பருக்குக் கார்வார் டிக்கெட் போட்டாயிற்று. மன்னார்குடிக்காரன் மட்டும் இன்னும் தன் பங்குப் பணத்தை அனுப்பவில்லை. ஜனவரிக்கு அனுமதி கேட்டு நாகப்பட்டினத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறானாம்.