ட்ரினோவா, பிரஸ்டோவா: நிரலில் கை வைக்கப் போகிறவர்களுக்கு

ட்ரினோவும் பிரஸ்டோவும், பெருந்தரவின் மேல் எஸ்.க்யூ.எல். வினவல்களைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டும் திறமூல எஞ்சின்கள். இவற்றில் எது வேகம் என்று அலசும் அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே கேள்வி வேறு. மூல நிரலை இறக்கி, பில்ட் செய்து, ஒரு கனெக்டர் (தரவு மூலத்தை எஞ்சினோடு இணைக்கும் பிளக்இன்) எழுதவோ பேட்ச் அனுப்பவோ நினைப்பவர் எந்தப் பக்கம் போவது?

முதலில் பங்காளிக் கதை. 2012-ல் ஃபேஸ்புக்கில், ஹைவ் என்ற பழைய வினவல் கருவியின் மந்தகதி பொறுக்காமல் தொடங்கியது பிரஸ்டோ. 2013 நவம்பரில் திறமூலமானது. உருவாக்கியவர்களில் மூவர் 2018-ல் நிறுவனத்தை விட்டு வெளியேற, 2019-ல் திட்டம் இரண்டானது. ஃபேஸ்புக் பக்கத்துக் கிளை லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது. வெளியேறிய மூவரின் கிளை, பெயர் உரிமைச் சிக்கலால் 2020 டிசம்பரில் ட்ரினோ என்று பெயர் மாறியது.

அதனால் எலும்புக்கூடு இன்றும் ஒன்றுதான். கோ-ஆர்டினேட்டர் என்ற தலைமைக் கணினி திட்டம் போடும், வொர்க்கர் கணினிகள் ஸ்ப்ளிட்டுகளை (தரவின் துண்டுகளை) வாங்கி வேலை பார்க்கும், தரவு எங்கே இருக்கிறது என்பது கனெக்டரின் கவலை. ஆனால் ஒன்றுக்கு எழுதிய பிளக்இன் மற்றொன்றில் அப்படியே ஓடாது. இடைமுகங்கள் விலகிவிட்டன, பேக்கேஜ் பெயர்களும் வேறு.

பெரிய வித்தியாசம் வொர்க்கரில். ட்ரினோ முழுக்க ஜாவா. புதிய ஜாவா பதிப்பு வந்தால் சீக்கிரமே அதற்குத் தாவிவிடுவார்கள், பழைய ஜே.டி.கே.வை (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பை) வைத்துக்கொண்டு பில்ட் செய்யப் பார்த்தால் மேவன் என்ற பில்ட் கருவி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சரியான ஜே.டி.கே.யும், சோதனைகளுக்கு டாக்கரும் இருந்தால் போதும். ஐ.டி.இ.யிலேயே ஒரு சிறு கிளஸ்டரை எழுப்பி, பிரேக்பாயிண்ட் வைத்து வினவலின் போக்கைப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிடச் சௌகரியம் வேண்டாம்.

பிரஸ்டோ பக்கம், நீண்ட காலம் ஜாவா 8-லேயே நின்றார்கள். புதுமையை வேறிடத்தில் வைத்தார்கள்: வெலாக்ஸ் என்ற சி++ நூலகத்தின் மேல் கட்டிய நேட்டிவ் (ஜாவா இல்லாமல் இயங்கும்) வொர்க்கர். ஜாவாவில் நினைவகத்தைத் துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்டரின் தொல்லை இல்லை, நினைவகம் கைக்குள் இருக்கும், பல மதிப்புகளை ஒரே வீச்சில் கணக்கிடும் வெக்டர் முறையும் உண்டு. ஆனால் சி++ பில்ட் கருவியான சீமேக், சார்பு நூலகங்களின் நீண்ட வரிசை, ரேமை விழுங்கும் முதல் கம்பைல் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். சாதாரண மடிக்கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம் நுணுக்கமான தலைவலி ஒன்று. கோ-ஆர்டினேட்டர் இன்னும் ஜாவாதான். ஒரே எஸ்.க்யூ.எல். செயல்பாடு இரு மொழிகளில் ஒரே விடை தர வேண்டும். உரையில் வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை எடுத்துக்கொள்ளுங்கள்: அதற்கான நூலகம் ஜாவா பக்கம் இயல்பாக ஜோனி, வெலாக்ஸ் பக்கம் ஆர்.இ.2. பின்னதில் லுக்-அஹெட் (அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கும் வசதி) கிடையாது. ஜாவாவில் ஓடிய வினவல் நேட்டிவ் வொர்க்கரில் பிழை வீசலாம். ஜாவாவில் எழுதிய கனெக்டரும் நேட்டிவ் வொர்க்கருக்குள் தானாக வந்துவிடாது. சி++-ல் வழி செய்ய வேண்டும்.

இடையில் ஒரு வொர்க்கர் விழுந்தால் வினவலே விழும் என்பது இருவருக்கும் பிறவிக் குறை. ட்ரினோ 2022-ல், இடைநிலைத் தரவை அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பிடத்தில் கொட்டிவைத்து, விழுந்த டாஸ்கை (வினவலின் ஒரு பகுதி வேலையை) மட்டும் மறுபடி ஓட்டும் வசதியை எஞ்சினுக்குள்ளேயே கட்டியது. பிரஸ்டோவோ தன்னையே ஸ்பார்க் என்ற வேறொரு பெருந்தரவு எஞ்சின் மேல் ஏற்றி ஓட்டியது. எனக்கு முன்னதே பிடிக்கும். இன்னொரு கிளஸ்டர் மென்பொருளைக் கட்டி மேய்க்க வேண்டாம்.

புதிய தரவு மூலத்தை இணைப்பதுதான் நோக்கம் என்றால் ட்ரினோ, யோசிக்கவே வேண்டாம். எக்ஸிக்யூஷன் எஞ்சினின் உள்வயிற்றில் ஆர்வம், சி++ பயமில்லை என்றால் பிரஸ்டோவைவிட நேராக வெலாக்ஸுக்கே போங்கள். ஸ்பார்க்கை வேகப்படுத்தும் க்ளூட்டன் என்ற திட்டமும் வெலாக்ஸைப் பயன்படுத்துகிறது, ஒரு திருத்தம் இரண்டு இடத்தில் பயன்படும். இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? இரண்டு களஞ்சியங்களிலும் 'எக்ஸாம்பிள்-ஹெச்.டி.டி.பி' என்ற குட்டிக் கனெக்டர் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து படித்தால் ஒரு மாலை போதும்.