மூட்டையில் போய் வந்த பழைய ஸ்டவ்கள்

பழைய பித்தளை ஸ்டவ்வைப் பழுது நீக்கியவர்கள், அதன் நீலச் சுடரைப் படமெடுத்துக் காட்டுவதோடு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். மேசை மேல் வைத்து எரிப்பது பெரிய காரியமில்லை என்பது என் கட்சி. கழற்றிச் சுற்றி முதுகுப்பையில் திணித்து, நாள் முழுக்கக் குலுங்கிப் போன பிறகு, துணிமணியில் எண்ணெய் வடியாமல் வெளியே வந்து முதல் முயற்சியிலேயே பற்றிக்கொள்கிறதா? அதுதான் பரீட்சை. ஆப்டிமஸ் 00, ஸ்வியா 123, ஆப்டிமஸ் 8ஆர் ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாக அந்தப் பரீட்சைக்கு உட்படுத்தி வருகிறேன். மூன்றும் ஸ்வீடனில் பிறந்தவை.

00 என்பது பிரித்து அடுக்கக்கூடிய மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892-ல் ஸ்டாக்ஹோமில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரைமஸ் ஸ்டவ்வின் வாரிசு. பம்ப் அடித்தால் டேங்கில் அழுத்தம் ஏறும்; எண்ணெய் மேலே ஏறி, சூடேறிய பர்னர் குழாயில் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியாகச் சீறி வந்து காற்றோடு கலந்து எரியும். சுடர் எரிவதற்குத் திரி கிடையாது, அதனால் கரியும் கிடையாது. ஸ்வீடன்காரரான ஆந்த்ரேயின் பலூன் குழு 1897-ல் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டு மாண்டது. 1930-ல் ஆர்க்டிக் கடலிலுள்ள வெள்ளைத் தீவில் அவர்களுடைய கடைசி முகாமைக் கண்டுபிடித்தபோது, அங்கிருந்த பிரைமஸ் இயங்கும் நிலையில்தான் இருந்ததாம். என் கைக்கு வந்து சேர்பவை அவ்வளவு நல்ல பிள்ளைகள் அல்ல.

பெரும்பாலும் முதலில் கைவிட்டிருப்பது பம்பின் தோல் வாஷர்தான். தண்டை உருவிப் பார்த்தால் அது காய்ந்து சுருங்கி, குழாயின் சுவரைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பலர் உடனே புதிதாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். தோல் கிழியாமல் இருந்தால் அதற்கு அவசியமே இல்லை. எண்ணெயில் ஓரிரவு ஊறப்போட்டு, மறுநாள் விளிம்பை விரல்களால் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் விரித்துவிட வேண்டும். பிறகு குழாய்க்குள் நேராக அழுத்தாமல், தண்டைச் சுழற்றியபடியே இறக்க வேண்டும். விளிம்பின் ஒரு பக்கம் மடங்கினாலும் காற்று பின்னால் ஓடிவிடும். சரியாக உட்கார்ந்துவிட்டால், இரண்டாம் தள்ளலிலேயே உள்ளங்கைக்கு எதிர்ப்புத் தெரியும். இப்படி மீட்ட தோல், அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் காட்டினால் போதும், நீண்ட காலம் உழைக்கிறது. இதற்குப் பதிலாக விற்கும் ரப்பர் வாஷர் எனக்குப் பிடிக்கவில்லை.

பம்ப் குழாயின் அடியில் உள்ள ஒருவழி வால்வு வேறு ரகம். அதனுள் ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் முனையில் மிளகளவு தக்கை. தக்கை கெட்டுவிட்டால் பம்ப் தண்டு தானாக மேலே எழும்பும், குழாய்க்குள் மண்ணெண்ணெய் வந்து நிற்கும். இந்த இரண்டில் ஒன்றைக் கண்டாலும் அந்த ஸ்டவ்வைப் பற்றவைக்கக் கூடாது. வால்வைக் கழற்ற அதற்கென்றே செய்த நீளமான சாவி வேண்டும். கிடைத்த திருப்புளியை உள்ளே விட்டுப் பலம் காட்டினால் வால்வு வருவதற்கு முன் பம்ப் குழாயே பற்றாசு விட்டுப் பெயர்ந்துவிடும். அதன்பின் அந்த டேங்க் பூந்தொட்டிக்குத்தான் ஆகும். தக்கைக்குப் பதிலாக எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர் போடுகிறேன். நைட்ரைல் போதும். வெப்பம் அதிகம் படும் இடங்களில் வைட்டான் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

துலக்குவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. சிட்ரிக் அமிலக் கரைசலில் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் பச்சைக் களிம்பு போய்விடும். நெடுநேரம் விட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு இளஞ்சிவப்பாகிவிடும். இரும்புக் கம்பிச் சுருள் போட்டுத் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். பிரைமஸ் அடுப்புகள் பலவற்றின் அடியில், அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எழுத்து பொறித்திருக்கும். அதைத்தான் அவர்கள் முதலில் தேய்த்து எடுக்கிறார்கள். மிகப் பழைய அடுப்பானால் சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பிலும், பெட்ரோல் ஸ்டவ்வில் எரிபொருளை உறிஞ்சக் குழாய்க்குள் வைத்த திரியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு கிராஃபைட் அடைப்பு போடுவதே நல்லது.

மூட்டை கட்டும்போது 00-வின் பர்னரைக் கழற்றி, டேங்கின் வாயில் பயண மூடியைத் திருகி, கால்களையும் பிரித்துத் தகரப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். பர்னர் உட்காரும் இடத்தில் இருப்பது காரீய வாஷர். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அது சற்று நசுங்கித் தன் வடிவை இழக்கிறது. வீட்டிலேயே நிற்கும் ஸ்டவ்வில் அதே வாஷர் காலமெல்லாம் கிடக்கும். பையில் போகும் ஸ்டவ்வில் அது தேய்பொருள். ஆகவே நிப்பிள் குத்தும் பின், சிறு ஸ்பேனர் இவற்றோடு காரீய வாஷர் சிலவற்றையும் பெட்டிக்குள் போட்டே வைத்திருக்கிறேன். புதியது மாட்டிய பிறகு காற்றடித்து, மூட்டில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது வழக்கம். குமிழி வந்தால் இன்னும் கால் சுற்று இறுக்குவேன்.

டேங்கின் அழுத்தத்தை வெளியே விடும் காற்றுத் திருகு வழியாக மண்ணெண்ணெய் கொஞ்சமாவது கசிந்தே தீரும். டேங்கைக் காலி செய்து துடைத்துப் பையில் கட்டினாலும் வாடை போவதில்லை. உணவுப் பொட்டலம் முதுகுப்பைக்குள், ஸ்டவ் வெளிப்பையில். இதில் சலுகை கிடையாது.

1955-ல் வந்த ஸ்வியா 123-க்குப் பம்பே இல்லை. டேங்கின் தலையில் உள்ள குழியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் டேங்க் சூடேறித் தனக்கு வேண்டிய அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பிறகு சாவியைத் திருப்பினால் ஒரே இரைச்சல். பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். பித்தளைக் காற்றுத் தடுப்பும் அலுமினியக் கிண்ணமும் அதனோடு சேர்ந்த அங்கங்கள். எல்லாம் சேர்ந்து எடை அரைக் கிலோ அளவில்தான். ஒரு நடுத்தரப் பாத்திரத்துக்குள் துணி சுற்றி இறக்கிவிடலாம். சங்கிலியில் தொங்கும் சாவியைத் தனியாகச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் வழி நெடுக டிங் டிங் என்று தாளம் போட்டுக்கொண்டே வரும், பித்தளையையும் கீறும்.

இதில் பழுது பார்க்க வேண்டிய முக்கியமான இடம் டேங்க் மூடி. மூடிக்குள் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் மிஞ்சினால் அது திறந்து ஆவியை வெளியே விடும். அந்த ஆவி சுடரில் பட்டால் நீளமான தீ நாக்காகப் பாயும். உள்ளிருக்கும் ரப்பர் பல பத்தாண்டுகளில் கல்லாகியிருக்கும். அது ஒன்று வேண்டாத நேரத்தில் கசியும், அல்லது வேண்டிய நேரத்தில் திறக்காது. மூடியின் ரப்பரை மாற்றாமல் ஸ்வியாவைப் பற்றவைப்பவரோடு நான் முகாமுக்குப் போக மாட்டேன். மாற்றிய பிறகும் மூடியை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்தே பற்றவைக்கிறேன். சுற்றிலும் தகடு வைத்து அடைத்தால் டேங்க் அளவுக்கு மீறிச் சூடாகும் என்பதால் அதையும் செய்வதில்லை. எரிபொருளாக ஸ்டவ்வுக்கென்று விற்கும் தூய நாப்தா போடுகிறேன். வாகனப் பெட்ரோலில் உள்ள சேர்மானங்கள் ஆவிக்குழாயில் படிந்து அடைக்கின்றன.

8ஆர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தட்டையான நீலத் தகரப் பெட்டி. அதுவே ஸ்டவ், அதுவே உறை. மற்ற இரண்டையும்விட நிலத்தில் நிலையாக நிற்கும். மூலைகளில் வண்ணம் உரிந்து துருப்பிடிக்கும், அவ்வளவுதான். முதுகில் சுமக்க மட்டும் மனம் வருவதில்லை.

எண்ணெயைத் தனி உலோகப் புட்டியில், மேலே விரிவதற்கு இடம் விட்டு, நிமிர்த்தித்தான் எடுத்துப்போக வேண்டும். மண்ணெண்ணெய் சுமார் 38 பாகை செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடாது. பெட்ரோலுக்கு அந்த அளவு மைனஸ் 40 பாகையை ஒட்டியது. இதனால் கடுங்குளிரிலும் கூடாரத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் புட்டியைத் திறப்பதில்லை. இதே காரணத்தால், 00-க்குள் ஒருபோதும் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

விமானத்தில் கொண்டுபோவதற்கும் விதிமுறை இருக்கிறது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டேங்கை ஒரு மணி நேரம் வடித்துவிட்டு, குறைந்தது ஆறு மணி நேரம் மூடி திறந்தபடி காயவிட வேண்டும், அல்லது சமையல் எண்ணெய் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும். பிறகு உறிஞ்சும் காகிதத்தில் சுற்றி பாலித்தீன் பையில் கட்ட வேண்டும். இத்தனை செய்தும், பயன்படுத்திய ஸ்டவ்வை ஏற்கவே மாட்டோம் என்று மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. பல பத்தாண்டு எண்ணெய் குடித்த பித்தளை எவ்வளவு கழுவினாலும் மணக்கும். மணத்தால் ஸ்டவ் பறிபோனால் திருப்பிக் கேட்க வழியில்லை. விமானப் பயணமென்றால் புதிதாக வாங்கிய சாதாரண ஸ்டவ் ஒன்றைக் கொண்டுபோகிறேன், இன்னும் எண்ணெய் படாததை. மலை ஏறுவதற்கு ஸ்வியா, குளிருக்கும் அதிகப் பேருக்குச் சமைப்பதற்கும் 00, வண்டி வாசல்வரை போகும் இடங்களுக்கு 8ஆர்.