மாடியில் மஞ்சள்கரை ஆனைக்கற்றாழை: ஆறேழு வருஷம் வளர்த்தபின்

புதுச்சேரி நர்சரிகளில், இலையோரத்தில் மஞ்சள்கரை போட்ட ஆனைக்கற்றாழை (அகேவ் என்பார்கள்) விலை இறங்கியிருக்கிறதாம். லாஸ்பேட்டை நண்பர் படம் அனுப்பி, "நீங்கதான் வெச்சிருக்கீங்களே, வாங்கலாமா சார்?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம்தான் என் தொட்டி பிளந்தது.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில், உப்புக்காற்று நேராக அடிக்கிற மொட்டை மாடியில், இவ்வளவு குறைந்த கவனிப்பில் இவ்வளவு கம்பீரமாக நிற்கிற வேறு செடி எனக்குத் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் செம்பருத்தி காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும். இது வாரம் ஒரு முறை ஊற்றினாலே போதும் என்கிறது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும் சாதி. மெக்சிகோ பக்கத்து வறண்ட நிலத்தில் கற்ற வித்தை, இங்கே சித்திரை வெயிலில் உதவுகிறது.

இன்னொன்று, யாரும் எனக்குச் சொல்லாதது. நடுக்குருத்தில் இலைகள் ஒன்றையொன்று இறுக்கி அணைத்துக்கொண்டு வளர்வதால், ஒரு இலையின் ஓரத்து முட்கள் அடுத்த இலையின்மேல் அச்சாகப் பதிந்துவிடும். இலை விரிந்த பிறகும் அந்த அச்சு அழியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பல்வரிசை தெளிவாகத் தெரியும். துணி காயப்போட வந்தவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, வாளியை மறந்துவிட்டுக் கீழே போனதுண்டு.

முள்ளைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. இலை நுனியில் இருக்கும் பழுப்பு ஊசியை மட்டும், பச்சைச் சதையைத் தொடாமல், நகவெட்டியால் கிள்ளிவிட்டால் போதும். வீட்டில் குழந்தை இருந்தால் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். இலையை வெட்டினால் வடிகிற சாறுதான் வம்பு. அதில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கைபட்டால் அரித்துத் தள்ளும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் அரிவாளை எடுக்காதீர்கள்.

என் ஆத்திரம் முழுக்கக் கன்றுகள் மேல்தான்.

தாய்ச்செடியைச் சுற்றிப் பக்கக்கன்று வருவது எல்லாருக்கும் தெரியும். வாழைக்கும் வருகிறது, பிடுங்கி நடுகிறோம், சரி. ஆனால் தொட்டியில் அடைபட்ட ஆனைக்கற்றாழை மேலே மட்டும் கன்று விடாது. மண்ணுக்குள் கிழங்குபோல் தண்டு ஓடி, சுவரில் முட்டி, வட்டமடித்து, கடைசியில் வெளிச்சம் தெரிகிற ஒரே வழியான அடித்துளையைக் கண்டுபிடிக்கும். அங்கே தலையை நீட்டும். இதை மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தாய் பளபளவென்று நிற்கும், கீழே வடிகால் அடைபட்டுக் கிடக்கும்.

வெயில் காலத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில்தான் கணக்குத் தீர்க்கும். நம் ஊர் மழை தூறல் மழையல்ல. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கம் அதோடு தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. புயல் காற்றில் இந்தச் செடி ஒரு அங்குலம்கூட அசையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தொட்டிக்குள் குளம். அடியிலைகள் மஞ்சளாகி, கொழகொழத்து, நாற்றமெடுத்தன. அந்த எடையை மழையில் சாய்த்துப் பிடித்து, அடியில் செங்கல் கொடுத்து, துளையில் இருந்த கன்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்தோம். நானும் மச்சானும். அவர் அதற்கப்புறம் மாடிக்கே வருவதில்லை.

அன்று முதல் ஒவ்வொரு புரட்டாசியிலும் அடித்துளையைச் சோதிப்பது என் வேலை. கலவையையும் மாற்றினேன்: செம்மண் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு இரண்டு பங்கு. எம்-சாண்ட் போடுவதானால் கழுவிப் போடுங்கள், அதன் தூள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தேங்காய்நார்க் கழிவு மழைக்காலத்தில் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும், எனவே வேண்டாம். இத்தனையும் செய்த பிறகுதான், இந்த முறை கன்று துளையை விட்டுவிட்டுப் பக்கவாட்டிலேயே தொட்டியைப் பிளந்திருக்கிறது. நல்ல கனமான சுடுமண் தொட்டி.

எடுத்த கன்றுகளை என்ன செய்வது? அக்கம்பக்கத்தில் யாருக்கும் வேண்டாம், "முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாது தம்பி" என்கிறார்கள். திருஷ்டிக்குக் கட்ட ஒரு அம்மா கேட்டார், அவருக்கு வேண்டியது சோற்றுக்கற்றாழை. தூக்கியும் எறிய முடியாது, எறிந்த இடத்தில் வேர் பிடித்துவிடும். இவையெல்லாம் பெரிதாகிப் பத்து இருபது வருஷம் கழித்து ஒவ்வொன்றும் இருபதடி உயரத்துக்குப் பூந்தண்டு விட்டு, பூத்து, செத்துப்போகும். என் மாடியில் அதற்கு இடமில்லை.

எச்செவேரியா என்கிற சின்னச் சதைப்பற்றுச் செடி வாங்கலாமா என்றும் நண்பர் கேட்டார். ரோஜாப்பூ மாதிரி அழகுதான், ஆனால் அதற்கு இரவுக் குளிர் வேண்டும். ஊட்டியில் கொழுக்கும், இங்கே கரைந்துவிடும். அட்டெனுவாட்டா என்ற முள்ளில்லாத அகேவ் இருக்கிறது, இலை மெத்தென்று வளைந்திருக்கும், உச்சி வெயில் மட்டும் ஆகாது. ஒரு நல்ல வில்லியனூர் சுடுமண் தொட்டி அதற்குத் தகும்.

ஆக, மஞ்சள்கரை வேண்டாம் சார். தோட்டம் இருந்தால் வேறு கதை, லாஸ்பேட்டை பிளாட்டில் பால்கனிக்கு இது வேண்டவே வேண்டாம். தை மாதத்தில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்போது புரட்டாசி, மாடியில் பிளந்த தொட்டி, பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்று, அதில் துளை போட டிரில் மெஷின் இரவல் கேட்டு நான் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருக்கிறேன். துளை இந்த முறை அடியில் இல்லை, பக்கவாட்டில், அரையடி இடைவெளியில், நான் தினமும் கண்ணால் பார்க்கிற உயரத்தில்.