ஹட்டன்ல வாங்கின வெள்ளீயக் குச்சி: வளைச்சா கத்துது, காசுக்கு ஏத்த சாமானா?

பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதுக்குன்னு ஹட்டன் டவுன்ல ஒரு பழைய சாமான் கடையில வெள்ளீயக் (டின்) குச்சி விக்கிறாங்க, அதப்பத்தி தான் இந்த ரிவியூ. நான் வாங்கினது பாத்திரத்துக்கு இல்ல, டியூஷன்ல ஏ.எல். (உயர்தர) பிசிக்ஸ் புள்ளைங்களுக்கு காட்டுறதுக்கு. சுண்டுவிரல் மொத்தம், ஒரு சாண் நீளம், அச்சுல ஊத்தி வார்த்தது. விலை கூட தான், காரீயத்துக்கு (லெட்) பக்கத்துல வச்சா தலை சுத்தும், ஆனா வெள்ளீயம் எங்க போனாலும் அப்படித்தான்.

காதுகிட்ட வச்சு மெதுவா வளைச்சா நறநறன்னு கத்துது. பின் வரிசை வரைக்கும் கேட்டுச்சு. ஒடையுது ஒடையுதுன்னு புள்ளைங்க கத்துறாங்க, ஆனா குச்சியில ஒரு கீறல் இல்ல. உள்ள அணுக்கள் ஒழுங்கா அடுக்கி நிக்கிற படிகத்துல ஒரு பகுதி திடீர்னு தன்னோட கண்ணாடி பிம்பமா திரும்பிக்கிது, அந்த சத்தம் தான் அது.

இப்ப இதுக்கு ஏன் காசு போடணும்னு கேட்டா, நம்ம புத்தகத்துல தகைப்பு விகார வரைபு இருக்கே, இழுக்க இழுக்க உலோகம் எவ்வளவு நீளுதுன்னு காட்டுற கோடு, விட்டா பழையபடி திரும்புற மீள்தன்மை எல்லை தாண்டினதும் கோடு வழுவழுன்னு வளைஞ்சு போகும், அத பாத்து பாத்து உலோகம் பாகு கணக்கா இழுபடுதுன்னு புள்ளைங்க மனசுல பதிஞ்சிருது. நெசத்துல அது தாவித்தாவி தான் போகுது. 1932லயே பெக்கர், ஒரோவான்னு ரெண்டு விஞ்ஞானிங்க துத்தநாகப் படிகத்த இழுத்து அது விட்டுவிட்டு நீளுறத காட்டிட்டாங்க. 1934ல டிஸ்லொகேஷன்ங்கிற கருத்த ஒரோவான், டெய்லர், பொலானி மூணு பேரும் தனித்தனியா சொன்னாங்க. அணு அடுக்குல ஒரு கோட்டு நெடுக ஒரு பெசகு, அந்த கோடு நகர்ந்தா அடுக்கு வழுக்கும், அவ்வளவுதான். ஆனா இந்த கோடுங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கி நிக்கும். ஒண்ணு அவுந்தா அதோட பாரம் பக்கத்துல இருக்கிறது மேல விழும், அதுவும் அவுந்துரும். நம்ம பக்கம் மழைக்கு தேயிலை மலை பல நாள் தாங்கி நின்னுட்டு ஒரு ஓரம் சரிஞ்சதும் மேல இருக்கிறதும் சேர்ந்து வருமே, அதே கதை.

2001ல ஐஸ் படிகத்த அமுக்கி அதுல வர்ற சத்தத்த வச்சு இந்த தாவல்கள அளந்தாங்க, 2006ல தலைமுடிய விட மெல்லிசான நிக்கல் தூண அமுக்கியும் பாத்தாங்க. சின்ன தாவல் ஏராளம், பெருசு கொஞ்சம், இது தான் சராசரி அளவுன்னு ஒண்ண சொல்லவே முடியாது, நிலநடுக்கக் கணக்கும் இப்படித்தான் வரும். கையில புடிக்கிற கம்பியில எக்கச்சக்கமான தாவல் ஒண்ணா கலந்துருதா, அதனால கோடு வழுவழுன்னு தெரியுது.

ஒண்ணு மட்டும் கவனம், வெள்ளீயம் கத்துறது படிகம் திரும்புறதால, டிஸ்லொகேஷன் சரிவால இல்ல. கிளாஸ்ல ரெண்டையும் போட்டு கொழப்பாதீங்க. திடீர்னு விடுறது ரெண்டுலயும் இருக்கு, அதுக்காக தான் காட்டுறேன். போன்ல ரெக்கோர்ட் பண்ணி அலைய விரிச்சு பாருங்க, கை ஒரே சீரா வளைச்சாலும் முள்ளு முள்ளா ஏறுக்குமாறா தான் நிக்கும். புள்ளைங்க அத பாத்தப்புறம் தான் கேள்வியே கேக்க ஆரம்பிச்சாங்க.

கொறைன்னா, வெட்டின முனை சொரசொரன்னு இருக்கு, தேச்சுக்கணும். பல தடவ வளைச்சா ஒடைஞ்சிரும், ஆனா 232 பாகையிலயே உருகுறதால அடுப்புல இரும்பு கரண்டியில உருக்கி திரும்ப வார்த்துக்கலாம். அச்சுல ஒரு சொட்டு தண்ணி இருக்கக்கூடாது, வெடிச்சு தெறிக்கும், புள்ளைங்க கையில இந்த வேலைய குடுக்காதீங்க. நுவரெலியாக்காரங்களுக்கு ஒரு சேதி, 13 பாகைக்கு கீழ வெள்ளீயம் சாம்பல் தூளா மாறும்னு படிச்சிருப்பீங்க, உங்க ஊர் ராவுக்கு அதெல்லாம் நடக்காது, வேகமா மாற பூச்சியத்துக்கும் ரொம்ப கீழ போகணும். தைரியமா அலமாரியில வைங்க.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். கடையில பாத்திரத்துக்கு பூசுற சுத்த வெள்ளீயம்னு கேளுங்க, சோல்டர்னு (பத்தவைக்கிற ஈயம்) கேட்டா காரீயம் கலந்தத எடுத்து குடுப்பாங்க, அது வளைச்சா சும்மா கம்முனு கெடக்கும். மெல்லிசு கம்பியும் வேணாம், மொத்தமா வார்த்தது தான் நல்லா கத்துது. காசு குடுக்க முன்னாடி கடைக்காரர்கிட்ட கேட்டு ஒரு முனைய வளைச்சு பாத்துக்கங்க, அந்த மனுசன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.