தென்னைப் பாத்தி மூடாக்கு: உரிமட்டையா, நார்க்கழிவா?

பங்குனி வெயில் ஏறுவதற்குள், ஈரம் காயாத பாத்தியில் மூடாக்கு (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் போர்வை) போட்டுவிட வேண்டும். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி. முதலில் தண்ணீர் கட்டுங்கள். காய்ந்த மண்ணை மூடிப் பயனில்லை.

உரிமட்டை (தேங்காய் உரித்த மட்டை) என்றால் மரத்துக்குச் சுமார் 100. மேற்பரப்பில் பரப்பும்போது முதுகுப்புறம் மேலே இருக்கட்டும். மல்லாத்தி வைத்தால் குழியில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும், பாய்ச்சிய நீரும் வேருக்குப் போகாது. மட்டை மெதுவாக மட்கி, சாம்பல் சத்தை (பொட்டாசியம்) மண்ணுக்குத் தரும். கரையான் உள்ள நிலத்தில் அடிக்கடி புரட்டிப் பார்க்க வேண்டும்.

நார்க்கழிவு (மட்டையில் நார் பிரித்தபின் மிஞ்சும் தூள்) 10 செ.மீ. உயரத்துக்குப் போடலாம். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீர் பிடிக்கும். ஆனால் பச்சையாகக் கொட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு; மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இளங்கன்றுகளில் ஓலை வெளிறும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து, ஈரம் காக்கப்பட்டு, கறுப்பாக மட்கியதையே வாங்குங்கள். குவியலில், தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

மணற்பாங்கான நிலத்துக்கு மட்கிய நார்க்கழிவே மேல். களிமண்ணுக்கு உரிமட்டை போதும்.